ரெண்டு மானிட்டர் போட்டால் டெஸ்க்டாப் கிராஷ்: எங்கள் எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை டிசைன் கடை

பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறையில் கடை. பேனர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் எல்லாம் செய்கிறோம். பிவிசி ப்ளெக்ஸைக் கேரளத்தில் 2019-ல் தடை செய்த பிறகு துணியில்தான் பெரும்பாலும் அடிக்கிறோம், ஊருக்கு இன்னும் நாங்கள் ப்ளெக்ஸ் கடைதான். எங்களைப் போன்ற கடையில் ரெண்டு மானிட்டர் இல்லாமல் முடியாது. ஒன்று நம் பக்கம், இன்னொன்று கவுண்டர் பக்கம் திருப்பி வைத்தது. ஒரே பேனரில் தமிழும் மலையாளமும் வரும், பார்ட்டி நின்று படித்துப் பார்த்து அங்கேயே பிழையைச் சொல்லிவிட்டால் அடித்து முடித்த பிறகு தகராறு இருக்காது. அந்த ரெண்டாவது மானிட்டர் வந்ததிலிருந்து கிராஷும் கூடவே வந்தது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிசைன் செய்கிற புரோகிராமான கோரல்டிராவில் இருபதடி பேனர் திறந்திருக்கும். திடீரென்று நம் பக்கத்துத் திரை கறுக்கும், அப்புறம் திரும்பி வரும். வரும்போது திறந்திருந்த விண்டோ எல்லாம் ஒரே மானிட்டரில் குவிந்து கிடக்கும், சில சமயம் கோரல்டிராவே மூடிப் போயிருக்கும். நெம்மாறை வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழா சமயத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், கடையில் நிற்க இடம் இருக்காது, அந்த நேரத்தில்தான் இது அதிகமாக வந்தது.

சர்வீஸுக்கு வந்தவர் பார்த்ததும் சொன்னது, ஃபார்மேட் போட்டுவிடலாம் என்று. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. டிசைன் கடைக்காரனுக்கு ஃபார்மேட் என்றால் வருஷக்கணக்காகச் சேர்த்த ஃபான்ட், பழைய பார்ட்டிகளின் ஃபைல், பிரின்டர் கலர் செட்டிங் எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். என்ன விழுகிறது என்றே பார்க்காமல் அதைச் சொல்வது எப்படிச் சரியாகும்? நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கிராஷ் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் விழுவது மூன்று வேறு சமாச்சாரம். டாஸ்க்பாரும் ஐகானும் மட்டும் மறைந்து, திறந்திருந்த புரோகிராம் அப்படியே நின்று, கொஞ்ச நேரத்தில் டாஸ்க்பார் திரும்பி வந்தால் அது டாஸ்க்பாரையும் ஐகானையும் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் விழுந்தது, கிராபிக்ஸ் கார்டைத் தொட வேண்டியதில்லை. திரை மொத்தமும் கறுத்து, ஆனால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிற்காமல் கேட்டு, பிறகு படம் திரும்பினால் அது டிரைவர் பக்கம், அதாவது கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவுகிற புரோகிராம். கார்டு ரெண்டு செகண்டுக்குள் பதில் சொல்லவில்லை என்றால் டிரைவரை நிறுத்தித் திரும்ப ஓட்டும் ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது, அது நடந்தால் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் விழும். திரும்ப ஓட்டவும் முடியாவிட்டால் நீலத்திரை, அதன் பிழை எண் 116. மூன்றாவது, நீலத்திரையும் இல்லாமல் மெஷினே பட்டென்று அணைந்து எழுந்தால், கெர்னல் பவர் 41 மட்டும் பதிவாகும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த 41 ஒன்றும் சொல்லாது, ஆனாலும் நாம் தேட வேண்டியது கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி), ராம் பக்கம் என்று தெரிந்துவிடும்.

என்னுது இந்த மூன்றிலும் சேரவில்லை, திரை கறுத்தாலும் என் மெஷினில் 4101 இல்லை, 41-ம் இல்லை. கறுப்புத் திரை நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தபோது பார்த்தால், பெரும்பாலும் சாயங்காலம், பக்கத்துத் தோப்புகளில் மோட்டார் ஓடும் நேரம், டியூப்லைட் ஒரு தடவை கண்ணடிக்கும், அதே நொடியில் கிராஷ். கம்ப்யூட்டரும் என் மானிட்டரும் யூபிஎஸ்ஸில். கவுண்டர் மானிட்டர் மட்டும் கவுண்டரில் எலக்ட்ரீஷியன் வைத்துக் கொடுத்த பிளக்கில், நேர் கரண்ட். வோல்டேஜ் இறங்கினால் அந்த ஒரு மானிட்டர் மட்டும் அணைந்து எழும். கம்ப்யூட்டருக்கு அது யாரோ கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகின மாதிரி. உடனே ஒரு திரைக்கு மாற்றும், விண்டோவை எல்லாம் இழுத்துப் போடும், மறுபடி ரெண்டு திரை. இந்த அமளியில் கனமான ஃபைல் திறந்திருக்கிற புரோகிராம் தாங்காமல் விழுகிறது. சந்தேகம் தீர, கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தப் பிளக்கை மட்டும் கையால் அணைத்துப் போட்டேன். அச்சு அசலாக அதே கிராஷ்.

யூபிஎஸ்ஸிலிருந்து கவுண்டருக்கு ஒரு ஒயர் இழுத்தோம், அவ்வளவுதான் ரிப்பேர். 22 அங்குல எல்இடி மானிட்டர் 25 வாட் போலத்தான் இழுக்கும், சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும். ஒன்று கவனியுங்கள், சில யூபிஎஸ்களில் ஒன்றிரண்டு சாக்கெட்டுக்கு பேட்டரி கிடையாது, சர்ஜ் பாதுகாப்பு மட்டும். அதில் செருகினால் பழைய கதைதான். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் டிஸ்பிளே செட்டிங்கில் மல்டிபிள் டிஸ்பிளேஸ் என்ற இடத்தில், மானிட்டர் பிரிந்தாலும் விண்டோ இருந்த இடத்தை நினைவில் வைக்கிற டிக் ஒன்று இருக்கும், போட்டு வையுங்கள்.

போடி ஏலக்காய் கணக்கு

அண்ணே, நீங்க சொன்ன ரெண்டாவது வகை என்னுது. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருத்தருக்குக் கணக்கு எழுதுறேன். ஒரு திரையில் டாலி, இன்னொன்றில் பிரவுசரில் ஏல விலை. பிரவுசரை ஒரு திரையிலிருந்து மற்றதுக்கு இழுத்தால் போதும், திரை கறுத்து வரும். ஈவென்ட் வியூவரில் 4101 வரிசையாக நிற்கும்.

பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு மானிட்டர் கார்டில் இருக்கிறது, இன்னொன்று மதர்போர்டின் எச்டிஎம்ஐயில். கார்டில் எச்டிஎம்ஐ ஒன்றுதான் என்பதால் மாட்டிக் கொடுத்தவர் இப்படிச் செய்திருக்கிறார். அது வேலை செய்யாமல் இல்லை, ஆனால் ரெண்டு சிப், ரெண்டு டிரைவர், இழுக்கும்போது படம் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவ வேண்டும். கார்டிலேயே விஜிஏ இருந்தது, மானிட்டரிலும் இருந்தது, ரெண்டையும் கார்டுக்கே கொண்டுவந்தேன். பாதி குறைந்தது.

மீதிப் பாதிக்கு டிரைவர். பழசின் மேலேயே புதுசைப் போடாதீர்கள். டிடியு என்று ஒரு சின்ன புரோகிராம் கிடைக்கிறது, டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். நெட் ஒயரைக் கழற்றிவிட்டு சேஃப் மோடில் அதை ஓட்டிப் பழசைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் புதுசு. நெட்டை ஏன் கழற்றணும் என்றால், இல்லாவிட்டால் நடுவிலேயே விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். அதோடு கார்டுக்கு எந்த டிரைவர் கடைசி என்றும் பாருங்கள். நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிற ஜிடி 710-க்கு என்விடியாவின் 470 தொடர்தான் கடைசி, அதற்கு மேலே உள்ளது ஏறாது.

பிரவுசர் திறந்திருக்கும்போது மட்டும் கறுக்கிறது என்றால் குரோம் செட்டிங்கில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள், ரெண்டு நிமிஷ வேலை. ஒரு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், இன்னொன்று 144 என்று இருப்பவர்கள் ரெண்டையும் கொஞ்ச நாள் 60-ல் வைத்துப் பார்க்கலாம். வேகம் வேறுபட்ட ரெண்டு திரை மாட்டினால் பல கார்டுகளில் சும்மா இருக்கும்போதும் மெமரி வேகம் இறங்காது, கார்டு சூடாகவே இருக்கும். எங்க ஆபீஸ் மாதிரி ஃபேன் கூட இல்லாத சின்னக் கார்டு, மூடின மேஜைக்குள் கேபினெட் என்றால் சூடு ரொம்பவே முக்கியம். நான் மேஜையின் பின்பலகையைக் கழற்றிவிட்டேன்.

தேவிகுளம் தமிழ் மீடியம் வாத்தியார்

எங்களுக்கு ரெண்டாவது மானிட்டர் என்றால் புரொஜெக்டர். கேரளப் பள்ளிக்கூடங்களில், பள்ளிகளின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கிற அரசு நிறுவனமான கைட் கொடுக்கிற உபுண்டு வகை லினக்ஸ்தான் ஓடுகிறது, ஆகவே மேலே நண்பர்கள் சொன்ன ஈவென்ட் வியூவர் எல்லாம் இங்கே கிடையாது. ஒரு லேப்டாப்பில் புரொஜெக்டர் ஒயரைச் செருகி லாகின் செய்தால் டெஸ்க்டாப் வந்த வேகத்தில் விழுந்து மறுபடி லாகின் திரைக்கே போய் நிற்கும். ஒயரைக் கழற்றினால் நன்றாக வரும். பிள்ளைகள் நாற்பது பேர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

லாகின் திரையில் இருந்தபடியே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அதில் உள்ளே போக முடிந்தது என்றாலே மெஷினும் டிஸ்க்கும் பத்திரம், விழுந்தது டெஸ்க்டாப் மட்டும்தான் என்று தெரிந்துவிடும். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கிற கான்ஃபிக் ஃபோல்டருக்குள் மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபைல் உண்டு. எந்தத் திரை எங்கே, என்ன அளவு என்று டெஸ்க்டாப் எழுதி வைப்பது அதில்தான். முன்பு வேறொரு வகுப்பில் பெரிய டிவி மாட்டியிருந்தபோது எழுதின அளவும் அதில் கிடந்தது. ஃபைலின் பெயரை மாற்றி வைத்துவிட்டு ஒயரோடு லாகின் செய்தேன், வந்துவிட்டது, புதிய ஃபைலை அதுவே எழுதிக்கொண்டது. மாற்றின பிறகு சூப்பர் கீயும் (விண்டோஸ் படம் போட்ட கீ) P-யும் சேர்த்து அழுத்தி, ரெண்டு திரையிலும் ஒரே படம் வருகிற மிரர் வைத்துக்கொள்ளுங்கள், பாடம் நடத்த அதுதான் வசதி. விண்டோஸிலும் அதே ரெண்டு கீதான்.

மிரட்டுகிற மாதிரி தோன்றினாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கலாம், லிட்டில் கைட்ஸ் என்கிற மாணவர் கம்ப்யூட்டர் கிளப்பில் இருக்கிற ஒரு பெண் இப்போது மற்ற வகுப்புகளுக்குப் போய்ச் சரிசெய்து கொடுக்கிறாள். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

செங்கோட்டை

மூன்றாவது வகை பற்றி யாரும் எழுதவில்லையே. என்னுது அதுதான், பட்டென்று அணைந்து எழும். ரெண்டாவது மானிட்டர் மாட்டின அன்றைக்கே ஆரம்பித்ததால் எல்லாரும் கார்டைச் சொன்னார்கள். மழை நேரம், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் வருகிறது என்பதை வீட்டில் என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். புது எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று ஒன்று இருக்கிறது, அதில் பல அந்த மாதிரி கரண்டை ஏற்காது. ரெண்டு மானிட்டர், கார்டு எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது மாறுகிற அந்த நொடியில் விட்டுவிடுகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறியதும் நின்றது.

ராமைக் கழற்றி அதன் தங்கப் பல்லை ரப்பரால் துடைத்து மாட்டுவதையும் செய்யுங்கள், சாரல் காலத்தில் எங்கள் ஊர் ஈரத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படும். புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி இடிக்கு கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ரெண்டாவது மானிட்டர் வேறு பிளக்கில் இருந்தால் அதையும் பிடுங்குங்கள். எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே மின்னல் கார்டுக்கு வந்து சேரும். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதென்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

கம்பம்

எனக்குத் திரை கறுத்தால் திரும்பி வருவதே இல்லை அண்ணே, பாட்டு மட்டும் ஓடுது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற சின்ன கன்வெர்ட்டர் போட்டிருக்கேன்.

கொழிஞ்சாம்பாறை டிசைன் கடை

தம்பி, பவர் பட்டனுக்குப் போகாதீங்க, திறந்திருக்கிற ஃபைல் கெட்டுவிடும். கறுத்ததும் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரை அது மட்டும் திரும்ப ஓட்டும், ஒரு பீப் கேட்கும், பெரும்பாலும் படம் வந்துவிடும், வந்ததும் முதலில் சேவ்.

அந்த கன்வெர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா? அதுக்குள்ளே ஒரு சிப் இருக்கிறது, எச்டிஎம்ஐ போர்ட்டின் 5 வோல்ட்டிலிருந்துதான் அது ஓடணும். அந்தப் போர்ட் 55 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி, மலிவான கன்வெர்ட்டர் சில அதைவிட அதிகம் கேட்கும். தனியாக யூஎஸ்பி கரண்ட் ஒயர் செருகுகிற மாதிரி வருவதை வாங்குங்கள். அதுவரை கன்வெர்ட்டரைக் கழற்றி ஒரே மானிட்டரில் ரெண்டு நாள் ஓட்டுங்கள். அப்படியும் கறுத்தால் அந்த நேரத்துக்கு ஈவென்ட் வியூவரில் என்ன எண் இருக்கிறது என்று இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.