ஆப்பிள் போட்ட பன்றிக்கறி: கறி மெத்துனு வரணும், ஆப்பிள் கரையக் கூடாது

கேள்வி:
சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வந்து ஒரு மாசம்தான் ஆகுது. வீட்ல அஞ்சு பேர். ஓவன் இல்லை. ரெண்டு அடுப்பும் ஊர்லேர்ந்து கொண்டு வந்த பிரஷர் குக்கரும்தான். ஆப்பிள் சேர்த்து போர்க் செஞ்சா கறி நார் நாரா காய்ஞ்சு போகுது, ஆப்பிள் ஜாம் மாதிரி ஆகிடுது. எங்க தப்பு?

பதில்:
ரெண்டு தப்பு. கொழுப்பே இல்லாத கறியா பார்த்து வாங்கியிருப்பீங்க. ஆப்பிளையும் கறியையும் ஒண்ணாவே போட்டிருப்பீங்க.

முதல்ல கறி. முதுகுப் பக்கத்து லாயின் பார்க்க அழகா இருக்கும், ஆனா நீண்ட நேரம் வேக வைக்க அது ஆகாது. உள்ளே 63 டிகிரி வந்ததும் இறக்கி மூணு நிமிஷம் அப்படியே விட்டுட வேண்டிய கறி அது. அதுக்கு மேல வெந்தா தண்ணியெல்லாம் வெளியேறிடும், ஈடு கட்ட கொழுப்பும் இல்லை, சவ்வும் இல்லை. உங்களுக்கு வேண்டியது தோள்பட்டை. சூப்பர்மார்க்கெட்ல ஷோல்டர் பட்னு போட்டிருக்கும். அதுல உள்ள சவ்வு மெதுவா வெந்து 90 டிகிரி பக்கம் போகும்போது இளகி, கறியையும் வழவழப்பாக்கும், குழம்பையும் கெட்டியாக்கும். தேக்கா ஈரச்சந்தையில (பச்சைக் கறி, மீன், காய்கறி விக்கிற சந்தை) பன்றிக்கறிக் கடைகள் தனிப் பகுதியில இருக்கு. காலையிலேயே போயிடுங்க. திங்கட்கிழமை ஈரச்சந்தைகள்ல பல கடை திறக்காது. துண்டு 4 செ.மீ. அளவுக்கு வேணும்னு சொல்லி வெட்டி வாங்குங்க. குழம்புக்கு வெட்டற மாதிரி சின்னதா வேண்டாம், உதிர்ந்துடும்.

அஞ்சு பேருக்கு 1 கிலோ. தூள் உப்பு தலை தட்டி ரெண்டு டீஸ்பூன், மிளகுத்தூள் ஒண்ணு. பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், ஒண்ணிரண்டா இடிச்ச சோம்பு ஒரு டீஸ்பூன், ஒரு பிரிஞ்சி இலை. ஆப்பிள் ஜூஸ் 250 மி.லி., தண்ணி 200 மி.லி., கடுகு பேஸ்ட் ஒரு டேபிள்ஸ்பூன். மஞ்சள், புளி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். அதைப் போட்டா அது வேற குழம்பு, ஆப்பிள் எங்கேன்னு தேடணும். சோம்பு மட்டும் கட்டாயம், பன்றிக்கறிக்கும் ஆப்பிளுக்கும் ரெண்டுக்குமே சேரும்.

ஜூஸ் வாங்கும்போது ஒரு விஷயம். பெட்டியில இருக்கிற நியூட்ரி-கிரேட் எழுத்தை (சர்க்கரை, கொழுப்பு அளவுக்கு 'ஏ'லேர்ந்து 'டி' வரை போடற தரம்) பார்த்து 'பி'தானே நல்லதுன்னு எடுத்துடாதீங்க. 100% ஜூஸ்ல பழத்தோட சர்க்கரையே இருக்கிறதால 'சி', 'டி'ன்னு வர்றது சகஜம். 'பி' போட்ட ஆப்பிள் பானத்துல இனிப்பூட்டி கலந்திருக்கலாம், சுண்டும்போது கடைசியில ஒரு விநோதமான இனிப்பு நாக்குல நிக்கும்.

கறியை கிச்சன் டவல்ல ஒத்தி நல்லா காய வைங்க. உறைய வச்ச கறின்னா ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ராத்திரி முழுக்க வச்சு இளக்குங்க, உறைஞ்ச கறி இன்னும் அதிகமா தண்ணி விடும். உப்பும் மிளகுத்தூளும் கறியில தடவிடுங்க. பாத்திரத்தை நல்லா சூடாக்கி, எண்ணெய் ஊத்தி, மூணு நாலு தடவையா பிரிச்சு சிவக்க வறுங்க. ஒரே தடவையில கொட்டினா தண்ணி விட்டு, கறி சாம்பல் நிறத்துல அவியும், கவிச்சியும் போகாது. வாடகை வீட்டு மின் அடுப்புல சூடு குறைவா இருந்தா இன்னும் கொஞ்சமா போடுங்க. கறியை எடுத்து வச்சுட்டு அதே பாத்திரத்துல வெங்காயம், பூண்டு, சோம்பு வதக்கி, ஜூஸ் ஊத்தி, அடியில ஒட்டினதைக் கரண்டியால சுரண்டி விடுங்க. ருசியே அங்கதான் இருக்கு. கறி, தண்ணி, கடுகு பேஸ்ட், இலை எல்லாம் சேர்த்து மூடி, சிறு தீயில 75லேர்ந்து 90 நிமிஷம். முள்கரண்டி குத்தினா தடையில்லாம இறங்கணும். இறங்கலைன்னா இன்னும் 15 நிமிஷம் விடுங்க. பாதியில இறக்கின தோள்பட்டை ரப்பர்.

இப்பதான் ஆப்பிள். மூணு பழம், தோலோட, ஒண்ணுக்கு எட்டு கீத்து. தனித் தவாவுல ஒரு ஸ்பூன் வெண்ணெய்ல வெட்டின பக்கம் சிவக்க ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் குழம்புல போட்டு மூடாம பத்து நிமிஷம். கடைசியில ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். கிரானி ஸ்மித்தோ பிங்க் லேடியோ எடுங்க, புளிப்பு இருக்கு, வடிவமும் நிக்கும். புளிப்பு கூட இருந்தா, பழத்தை உடையாம பிடிச்சு வச்சிருக்கிற பெக்டின் சீக்கிரம் கரையாது. ஃபூஜி உடையாது ஆனா இனிப்பு தூக்கலாகும், அப்ப ஜூஸைப் பாதியாக்கி மீதிக்குத் தண்ணி ஊத்துங்க. ரெட் டெலிஷியஸ் வேண்டவே வேண்டாம், மாவா போயிடும்.

இன்னொரு பதில்:
மேல சொன்னது சரி, ஆனா குக்கர்ல செய்யறவங்க ஜூஸை அப்படியே ஊத்தாதீங்க. சர்க்கரை அடியில பிடிச்சு, கருகின வாசனை கறி முழுக்க ஏறும். வதக்கினதுக்கு அப்புறம் 200 மி.லி. தண்ணி மட்டும் ஊத்தி அடியைச் சுரண்டி, கறியைப் போட்டு மூடுங்க. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 20 நிமிஷம், ஆவி தானா அடங்கட்டும். திறந்த பிறகு ஜூஸும் கடுகு பேஸ்ட்டும் சேர்த்து, திறந்த பாத்திரத்திலேயே சுண்ட விட்டுட்டு ஆப்பிள் போடுங்க. மைதா கரைச்சு ஊத்தறதா இருந்தாலும் அந்த நேரத்துலதான்.

தோள்பட்டைக்குப் பதிலா பெல்லி (வயித்துப் பக்கத்துக் கொழுப்புக் கறி) வாங்கினா வெந்ததும் மேல மிதக்கற எண்ணெயை எடுத்துடுங்க. சிங்க்ல ஊத்த வேண்டாம், குழாய்க்குள்ள இறுகி அடைச்சுக்கும். ஆறவிட்டு பையில கட்டி குப்பையில போடலாம்.

கேட்டவர்:
அறை வாடகைக்கு இருக்கிற தம்பி ஒருத்தரும் இதையே செய்யணும்னு கேக்குறார். அடுப்பு வீட்டுக்காரங்களோடது.

பதில்:
முதல்ல வீட்டுக்காரங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க. 'லேசான சமையல் மட்டும்'னு ஒப்பந்தத்துல இருந்தா ஒன்றரை மணி நேரக் கொதியும் வறுவல் புகையும் அதுல அடங்காது. வீட்ல முஸ்லிம் இருந்தா பன்றிக்கறி அந்தச் சமையலறைக்குள்ளயே போகக் கூடாது, தனிச் சட்டி வச்சாலும் சரிப்படாது. நம்மவங்கள்லயும் பன்றி தொடாதவங்க நிறைய, விருந்துக்குக் கூப்பிட்டா என்ன கறின்னு முன்னாடியே சொல்லிடணும்.

பக்கத்து மலேசியாவுல ஜொகூர் போனா விலை குறைவுன்னு அங்கேர்ந்து பச்சைக் கறி வாங்கிட்டு வர வேண்டாம்னும் சொல்லுங்க. சோதனைச் சாவடியில மாட்டினா கறியும் போகும், அபராதமும் வரும்.

மீந்ததை இந்த வெக்கையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும். ஆனா சூடு பண்ணப் பண்ண ஆப்பிள் கரையும். மறுநாளைக்கும் வேணும்னா குழம்பைத் தனியா எடுத்து வச்சு, அன்னிக்கு ஒரு பழம் புதுசா வறுத்துப் போடுங்க. மசிச்ச உருளைக்கிழங்குதான் இதுக்குப் பொருத்தம், சோத்துக்குன்னா குழம்பைக் கொஞ்சம் தளர்த்திக்கணும்.