எலி கடித்த கார் ஆன்டெனா கேபிளை வீட்டிலேயே இணைக்க முடியுமா?

காவிரிக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது பழைய கார். முன்பக்க மட்காப்பின் மேல் கையால் இழுத்து நீட்டும் ஆன்டெனா. க்ளவ் பாக்ஸுக்குப் பின்புறம் எலி கடித்ததில் கேபிளின் வெளியுறையும் அதன் கீழுள்ள கம்பிப் பின்னலும் இரண்டு அங்குலத்துக்குக் காணாமல் போய்விட்டன. நடுக்கம்பியும் கிட்டத்தட்ட அறுந்துவிட்டது. திருச்சி பண்பலை 102.1 இரைச்சலோடு கேட்கிறது. 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையோ ஊர் எல்லையைத் தாண்டியதும் அடங்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு ரீங்காரமும் உடன் ஏறுகிறது. கடையில் ஆன்டெனாவையே முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். சால்டரிங் ஓரளவு தெரிந்த நான் இதை வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா?

மீட்டர்வாசி:
இயலும். ஆனால் சால்டரிங் கோலை எடுப்பதற்கு முன், பழுது அந்த ஓரிடத்தில் மட்டும்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளக்கை வானொலியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் மற்றொன்றை ஆன்டெனாக் கம்பியிலும் வைத்தால் தொடர்பு காட்ட வேண்டும். பிளக்கின் வெளி உலோகத்துக்கும் கார் பாடிக்கும் இடையிலும் அப்படியே. நுனிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் மட்டும் தொடர்பு இருக்கக் கூடாது. (கூரையில் பெருக்கியோடு வரும் புதுவகை ஆன்டெனாக்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.) வானொலியின் சாக்கெட் நடுவில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண ஒயரைச் செருகிப் பாருங்கள், பண்பலை தெளிவானால் வானொலி நலமாக இருக்கிறது என்று பொருள். எஞ்சின் வேகத்தோடு ஏறும் ரீங்காரம், வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசமான பின்னல் அறுந்து அதன் எர்த் போய்விட்டதையே பெரும்பாலும் காட்டும்.

சந்துக்கடை:
இதற்கு ஏன் இவ்வளவு பாடு? வீட்டில் மிஞ்சிய டிவி கேபிளில் ஓரடி வெட்டி இடையில் சேர்த்துவிடுங்கள்.

பழையவால்வு:
டிவி கேபிள் ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். முதல் காரணம் எளியது: இன்று கிடைக்கும் டிவி கேபிள்களில் பெரும்பாலானவற்றின் பின்னல் அலுமினியம், அதில் சாதாரண சால்டரிங் ஈயம் ஒட்டவே ஒட்டாது. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. பண்பலையில் கால் அலைநீளம் 75 சென்டிமீட்டர் அளவே என்பதால் உங்கள் கம்பி அதற்கு முழு ஆன்டெனாவாகிறது. 936 கிலோஹெர்ட்ஸிலோ அலைநீளம் 320 மீட்டர், ஆகவே அதே கம்பி அங்கே 10 முதல் 15 பிகோஃபாரட் மதிப்புள்ள ஒரு சிறு மின்தேக்கியாக மட்டுமே நடந்துகொள்கிறது. கேபிளின் மின்தேக்குதிறன் (பிகோஃபாரட் என்பது அதன் அலகு) கூடக் கூட, கிடைக்கும் சொற்ப சமிக்ஞையும் வானொலியை எட்டாமல் அதிலேயே பங்காகிப் போய்விடும். இதனால்தான் கார் கேபிளில் தலைமுடி போன்ற மெல்லிய நடுக்கம்பியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் பெரும்பாலும் காற்று சூழும்படி விட்டிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் கேபிள் வகைகளில் ஆர்.ஜி.58 மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவும், ஆர்.ஜி.62 அதில் பாதிக்கும் குறைவாகவும் கொண்டவை. ஓரடித் துண்டால் பெரிய நஷ்டம் வராது என்பது உண்மைதான். இருந்தாலும் காயலான் கடையில் பழைய கார் ஆன்டெனா ஒன்றின் வால் (கேபிள்) கிடைக்கும்போது வேறு கேபிளைத் தேடுவானேன்?

உங்கள் கேபிளில் இரண்டு அங்குலம் குறைந்தாலும் எட்டும் என்றால் துண்டே வேண்டாம். பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, கடிபட்ட பகுதியை முழுவதும் வெட்டி எறியுங்கள். ஹீட் ஷ்ரிங்க் குழாய்களை (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறைகளை) முதலிலேயே கோத்துவிடுங்கள். சால்டர் முடித்தபின் நினைவுக்கு வந்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான். இருபுறமும் பின்னலை நான்கு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, நடுக்கம்பியில் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியவிட்டு, கொக்கிபோல மாட்டிச் சால்டர் செய்யுங்கள். வெட்டி எறிந்ததிலுள்ள உட்குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து இணைப்பின்மேல் போர்த்தினால் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையிலுள்ள பழைய இடைவெளி அப்படியே நிற்கும். பிறகு இரு பின்னல்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, சுற்றிலும் மூடுமாறு இழுத்து இணையுங்கள். பலர் இங்கேதான் பின்னலை ஒரு பக்கமாகத் திரித்து எலிவால்போல முடிந்துவிடுகிறார்கள். தொடர்பு கிடைக்கும், ஆனால் திறந்து கிடக்கும் அந்த இடைவெளி வழியாக எஞ்சின் இரைச்சல் உள்ளே நுழையும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி, ஐயா. எட்டும் அளவு நீளம் இருக்கிறது. இரண்டு ஐயங்கள்: நடுக்கம்பியில் ஈயம் பிடிக்காமல் உருண்டு ஓடுகிறது, பின்னலைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடாதா?

பழையவால்வு:
உருகும். பாலித்தீன் 110 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வழக்கமான ஈயம் உருகவோ 183 டிகிரி வேண்டும். ஆகவே பின்னல் முழுவதையும் சால்டரால் நிரப்ப முயலாதீர்கள். மெல்லிய செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்டி, இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் நன்கு சூடான கோலால் தொட்டு எடுங்கள்; ஒரு புள்ளி ஆறிய பிறகே அடுத்தது. நடுக்கம்பியைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, சால்டரிங் பேஸ்ட் தடவி முதலில் தனியாக ஈயம் பூசிப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் சிறிய பித்தளைக் குழாயில் இரு முனைகளையும் நுழைத்து நசுக்கிவிடலாம்.

மீட்டர்வாசி:
ஹீட் ஷ்ரிங்கைச் சுருக்குவதற்கு முன் நான் சொன்ன சோதனையை மீண்டும் செய்துவிடுங்கள். பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலே வானொலி ஊமையாகிவிடும். இன்னொன்று: பழைய வானொலிகள் பலவற்றில் ஆன்டெனா சாக்கெட்டுக்கு அருகே வானொலியை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஏற்பப் பொருத்தும் ஒரு சிறு டிரிம்மர் திருகு இருக்கும். கேபிளின் நீளம் மாறியிருப்பதால், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மங்கலாகக் கேட்கும் ஏதேனும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, ஒலி மிக உரக்க வரும் இடத்தில் அந்தத் திருகை நிறுத்துங்கள்.