ஒரே பண்ணை, எல்லாப் பருவமும்: சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்களின் அனுபவங்கள்

மழலையர் பள்ளி ஆசிரியை

வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வேனில் ஏற்றி, மாட்டைக் காட்டி, கோழியைக் காட்டி, குரூப் போட்டோ எடுத்துக் கூட்டி வருவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் “என்னடா பார்த்தே?” என்று கேட்டால் பாதிப் பேர் வேனைப் பற்றித்தான் சொல்வார்கள்.

நாங்கள் பருவத்துக்கு ஒரு முறை, ஒரே பண்ணைக்கே போகிறோம். மூன்று நான்கு வயதில் ‘போன கோடை’, ‘அடுத்த மழைக்காலம்’ எல்லாம் பிடிபடாது. நடந்து முடிந்தது எதுவானாலும் அவர்களுக்கு ‘நேத்து’. பருவம் மாறுவதை வாயால் சொல்லிப் பயனில்லை. அதே தொழுவம், அதே பாத்தி, அதே மரம் கண்ணில் பட வேண்டும்.

அங்கே கிணற்றடியில் ஒரு வாதாமரம் உண்டு. முதலில் போனபோது அடர்ந்த நிழல். அடுத்து போனபோது இலைகள் செக்கச்செவேலென்று பழுத்துக் கீழே கொட்டிக் கிடந்தன. ஒரு பையன் சிவப்பு இலை ஒன்றை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரரிடம் ஓடினான்: “தாத்தா, மரத்துக்கு அடிபட்டுடுச்சா?” அவர் சிரிக்கவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பிடித்து, இலை விழுந்த இடத்தில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு கிளை நுனியில் கூம்பி நின்ற மொட்டையும் தொடச் சொன்னார். நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். சரிவராமல் போனதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மாட்டுப்பண்ணை வச்சிருக்கிறவர்

டீச்சர், எங்க பண்ணைக்கும் சின்னப் பிள்ளைங்க வர்றாங்க. கூட வர்ற பெரியவங்க பால் கறக்கிறதைக் காட்டத்தான் அவசரப்படுவாங்க. பிள்ளைங்களுக்கு அது ரெண்டாம்பட்சம். மாடு வாலைத் தூக்கினா போதும், மொத்தக் கூட்டமும் அங்கதான் நிக்கும். நானும் சாணியிலருந்தே ஆரம்பிச்சிடுவேன். குப்பைக்குழியில போடுறதைப் பாத்துட்டுப் போவாங்க. சில மாசம் கழிச்சு வரும்போது அது மக்கி, கருப்பா, உதிரி உதிரியா மண்ணுமாதிரி ஆகியிருக்கும். இது அந்த மாடு போட்டதுதான்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

அசைபோடுறதையும் காட்டுங்க. மாடு படுத்திருக்கும்போது பக்கவாட்டுல உக்காந்து கழுத்தைப் பாக்கச் சொல்லணும். உள்ளேருந்து ஒரு உருண்டை ஏறி வர்றது தோலுக்கு அடியில நல்லாத் தெரியும். மென்னு முழுங்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி அடுத்தது ஏறும். “வருது வருது”ன்னு பிள்ளைங்க கத்துவாங்க. நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் இதே வேலைதான் அதுக்கு. மேல்தாடையில முன்பல்லே கிடையாதுன்னு உதட்டைத் தூக்கிக் காட்டினா, எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தராவது கேப்பாங்க: “பல் தேய்க்காததாலயா?”

குழந்தைகள் வார்டு செவிலியர்

அண்ணா எழுதியது நன்றாக இருக்கிறது. சாணி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2009-ல் இங்கிலாந்தில் ஒரு பண்ணைக்குப் போய் வந்தவர்களில் 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமித் தொற்று வந்தது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி சிறுநீரகம் வரை போய்த் தாக்கக்கூடும். மாடு, ஆடு பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அதன் சாணியிலும் உடம்பு மயிரிலும் கிருமி இருக்கலாம்.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, என் மகளையே கூட்டிப் போகிறேன். விலங்கைத் தொட்டதும், மண்ணை அளைந்ததும், சாப்பிடும் முன்னும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வைக்க வேண்டும். சானிடைசர் அழுக்குக் கையில் சரியாக வேலை செய்யாது. தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எல்லாம் தொழுவத்துக்கு வெளியே இருக்கட்டும். காய்ச்சாத பால் வேண்டாம். கோழிக்குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தம் கொடுக்க விடாதீர்கள். அதில் சால்மொனெல்லா என்கிற, வயிற்றுப்போக்கு தரும் கிருமியின் ஆபத்து. விரல் சூப்பும் பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

மாட்டுப்பண்ணை வச்சிருக்கிறவர்

சரியாச் சொன்னீங்க தங்கச்சி. தொழுவத்து வாசல்லயே பிள்ளைங்க உயரத்துக்குக் குழாய் வச்சிருக்கேன். பெரியவங்க உயரத்துக்குக் குழாய் இருந்தா, ஒருத்தர் தூக்கிப் பிடிச்சுக் கழுவுறதுக்குள்ள இன்னொண்ணு விரலை வாயில வச்சிடும்.

நாலு வயசுப் பையனின் அப்பா

நாங்கள் செய்தது அடைக்கோழி. என் மாமியார் வீட்டில் முட்டை வைத்த அன்றைக்கே பையனோடு இருந்தோம். 21 நாள் என்று சொன்னால் அவனுக்கு என்ன தெரியும்? சுவரில் 21 கட்டம் வரைந்து, தினம் ஒன்றில் பொட்டு வைத்தோம். ஒரு வாரம் ஆனதும் இருட்டு அறையில் முட்டைக்கு அடியில் டார்ச் பிடித்தோம். மெல்லிய சிவப்பு நரம்புகள் பின்னிக்கொண்டிருக்க, நடுவே ஒரு கரும்புள்ளி அசைந்தது. பையன் மூச்சு விடாமல் பார்த்தான். ஒரு முட்டை மட்டும் வெறுமனே வெளிச்சமாக இருந்தது.

மற்றது எல்லாம் பொரிந்தது, அது பொரியவில்லை. “இது எப்போ வரும்?” என்றான். “வராது, இது கூமுட்டை” என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் அம்மா என்னோடு ஒரு பாட்டம் சண்டை போட்டார்கள். பையன் அந்த முட்டையைச் செடிக்கடியில் புதைக்கச் சொன்னான், புதைத்தோம். விளையாடப் போய்விட்டான். இதைவிட நீட்டி அவனிடம் பேசியிருக்க வேண்டுமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியை

வேண்டாம் சார், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டீர்கள், அது போதும். ‘தூங்குகிறது’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்கப் பயப்படும்.

மாடியில் தொட்டிச்செடி வளர்ப்பவர்

பக்கத்தில் பண்ணை இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு எலுமிச்சைச் செடி போதும். மழை பெய்து புதுத் துளிர் விட்டதும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி வந்து ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், இலையில் இருப்பதே தெரியாது. வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற கொம்பு ஒன்றை வெளியே நீட்டும், கூடவே ஒரு நெடி. என் மகள் அதை முகர்ந்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். பிறகு வீட்டுக்கு வருகிற எல்லோரையும் முகர வைத்தாள்!

செடி மொட்டையாகிவிடுமே என்று மருந்தடிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் இலை போனால் போகட்டும், திரும்பத் துளிர்க்கும். துளிர் இல்லாத வெயில் மாதங்களில் புழுவும் குறைந்துவிடுகிறது. “புழு ஏன் வரலை?” என்று அவளே கேட்டு, “குட்டி இலை இல்ல, அதான்” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மழலையர் பள்ளி ஆசிரியை

வெயில் மாதங்கள் என்றதும் நினைவு வந்தது. கோடையில் பண்ணைக்குப் போகிறோம் என்றால் பெற்றோர்கள் முகம் சுளிக்கிறார்கள், “அங்க இப்போ ஒண்ணுமே இருக்காதே மிஸ்” என்று. நான் விட்டுக்கொடுப்பதில்லை. அறுப்பு முடிந்து பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் பிள்ளைகள் குச்சியை விட்டு ஆழம் பார்க்கிறார்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கூப்பிடுகிறார்கள். மழைக்குப் பிறகு அதே இடத்தில் வெடிப்பைத் தேடினால் காணோம். மண்புழு எச்சம்தான் குவியல் குவியலாகக் கிடக்கிறது. காய்ந்த நிலத்தைப் பார்க்காத பிள்ளைக்கு ஈர நிலம் வெறும் சேறு. வேகாத வெயிலுக்கு முன், காலையிலேயே போய்த் திரும்பிவிடுவோம். வெயிலைப் பற்றிய பெற்றோரின் அக்கறை நியாயமானது.

விதைப்பு பற்றியும் கேட்கிறார்கள். முதல் விதை முள்ளங்கியாக இருக்கட்டும். சின்ன ரகம் நாலு வாரத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். பூசணி மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும். அதற்குள் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். மழலையர் பள்ளி முறையைத் தொடங்கிய கல்வியாளர் ஃப்ரோபெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் தன் மழலையர் தோட்டத்தில் பிள்ளைக்கு ஒரு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்தி என்று வைத்திருந்தார். நாங்கள் அப்படியே செய்கிறோம். தன் பாத்தியில் முளைத்ததைத் தினமும் பிடுங்கிப் பார்க்கிற பிள்ளை உண்டு. பார்க்கட்டும். பொதுப் பாத்தியை மட்டும் தொடக் கூடாது என்பது சட்டம்.

மாட்டுப்பண்ணை வச்சிருக்கிறவர்

டீச்சர், ஒரு சேதி. எங்க ஆடு ஒண்ணு சினையா இருக்கு, அஞ்சு மாசம் நிறையப் போவுது. நாள் முன்னபின்ன ஆகும், ஈன்றதும் சொல்றேன். அன்னைக்கே பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துடாதீங்க, கூட்டத்தைப் பாத்தா தாய் ஆடு மிரண்டு குட்டியைச் சேக்காது. ஒரு வாரம் கழிச்சு வாங்க. குட்டிங்க அப்போ ஒரு இடத்துல நிக்காது.