பிராட்பேண்ட் வாங்கலாமா? டயல்-அப் போதும் என்கிறார் கணவர்

பக்கவடிவம் (கும்பகோணம்), 28 அக்டோபர் 2006

வீட்டிலிருந்தே டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், சின்னச் சின்னப் புத்தகங்கள். பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கிச் சென்னை அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். போன் லைனில் எண்ணை டயல் செய்து இணையும் டயல்-அப்பில் 8 எம்.பி. கோப்பு ஏற முக்கால் மணி நேரம். போன வாரம் ஒரு கும்பாபிஷேக மலர் கிட்டத்தட்ட முழுவதும் ஏறிவிட்ட நேரத்தில் இணைப்பு அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. இரவு ஒரு மணிக்குத்தான் முடிந்தது.

போன வருடம் ஜனவரியில் தொடங்கிய டேட்டாஒன் (பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட்) எங்கள் தொலைபேசி எக்சேஞ்சுக்கும் வந்துவிட்டது. மாதம் 400 எம்.பி. வரை தரும் 250 ரூபாய்த் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் கணவர் வேண்டாம் என்கிறார். அவர் கஞ்சர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். போனுக்கு மேலே ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. இணைத்த நேரம், துண்டித்த நேரம், நிமிடம் என்று மூன்று பத்தி, அவர் கையெழுத்தில். "மணி கண்ணுக்குத் தெரியுது. எம்.பி. தெரியுதா? 400 எம்.பி. எப்ப தீர்ந்ததுன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. நான் இணையத்தில் இருக்கும்போது மன்னார்குடியிலிருந்து மாமியார் கூப்பிட்டால் எங்கேஜ்டு. அதில் கணவருக்கும் வருத்தம்தான்.

செம்புக்கம்பி, 28 அக்டோபர் 2006

தொலைபேசி லைனில் பல வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன் அம்மா. உங்கள் மாமியார் பிரச்சினை தீர்ந்துவிடும். அதே செம்புக் கம்பியில்தான் பிராட்பேண்டும் வருகிறது. ஆனால் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே, டேட்டா அதற்கு வெகு மேலே. ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா இரண்டையும் பிரித்துவிடும். பேசிக்கொண்டே கோப்பும் அனுப்பலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். மழை பெய்யும்போது ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று கேட்டால் எங்கோ ஜாயிண்டில் ஈரம் இறங்குகிறது. முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மோடம் விளக்கு அணைந்து அணைந்து எரியும். எக்சேஞ்சிலிருந்து கம்பித் தூரம் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. படுக்கையறைக்குப் பேரலல் (அதே லைனில் இன்னொரு போன்) இழுத்திருந்தால் அது ஸ்ப்ளிட்டருக்குப் பிறகுதான் பிரிய வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

மாடிவீடு, 29 அக்டோபர் 2006

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கேட்பது சரியான கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்தின் வேகம் 256 கே.பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு 256 கிலோபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 32 கிலோபைட். மணிக்கு 115 எம்.பி. முழு வேகத்தில் இறக்கினால் 400 எம்.பி. மூன்றரை மணி நேரத்தில் காலி! டயல்-அப்பில் மணிக்கு 20 எம்.பி. தாண்டாது, அதனால் அங்கே மணியைப் பார்த்தாலே போதும். எங்கள் வீட்டில் வேறொரு இணைப்பு. முதல் மாதம் தம்பி பாட்டு இறக்கினான், கணினியில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. தானாகவே அப்டேட் இறக்கியது. அளவு தாண்டிப் போய்ப் பில் வந்த அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

உங்கள் வேலைக்கு எவ்வளவு ஆகும்? 8 எம்.பி. கோப்பு மின்னஞ்சலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்து 11 எம்.பி. ஆகும். மாதம் பதினைந்து அனுப்பினாலும் 165. தாராளமாகப் போதும். ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மோடத்தை ரூட்டராக, அதாவது அதுவே இணையத்தில் இணைந்துகொள்ளும்படி வைக்காதீர்கள். டேட்டாவைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியில் பி.பி.பி.ஓ.இ. (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) இணைப்பு ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள். டயல்-அப் மாதிரியே கனெக்ட் அழுத்தினால்தான் இணையும், டிஸ்கனெக்ட் அழுத்தினால் அறுந்துவிடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கணினிப் படம் தெரியும். அதைச் சொடுக்கினால் எத்தனை நிமிடம், எத்தனை பைட் போனது, வந்தது எல்லாம் இருக்கும். அதை அவருக்குக் காட்டுங்கள். எக்ஸ்.பி.யின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, மாதக் கடைசியில் மீதம் பார்த்து நீங்களே இறக்குங்கள். நிறுத்தியே வைத்துவிடாதீர்கள், வைரஸ் வந்துவிடும்.

பக்கவடிவம், 1 நவம்பர் 2006

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. அந்தக் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றரை மணி நேரம் என்றதும் "பாத்தியா" என்றார். ஆனால் பைட் எண்ணிக்கை தெரியும் என்றதும் எங்கள் டயல்-அப்பிலேயே அந்தப் படத்தைச் சொடுக்கச் சொல்லி, எண் ஏறுவதை ஒரு பக்கம் ஏறி முடியும் வரை நின்று பார்த்தார். இத்தனை நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது.

நேற்று ராத்திரி நல்ல மழை. ரிசீவரை எடுத்தேன், கரகரவென்றுதான் கேட்டது. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். லைன் சரியானதும் 250 திட்டம்தான். முதல் இரண்டு மாதம் டயல்-அப் கணக்கையும் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறார், சரி என்றுவிட்டேன். நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டாயிற்று.

செம்புக்கம்பி ஐயா, பேரலல் படுக்கையறைக்கு இல்லை, சமையலறைக்குப் போகிறது. அந்த ஒயரை மாற்ற நாங்களே ஆள் கூப்பிடலாமா, மோடம் பொருத்த வருகிறவர்களே செய்வார்களா?