அலுவலகத் தபால் அறைப் பாதுகாப்பு: ஆலோசனை தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வாஷிங்டனில் உள்ள எங்கள் சிறு அலுவலகத்துக்கு வரும் தபால்களைப் பிரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. 2001-இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமித்தூள் வைத்து அனுப்பப்பட்ட கடிதங்களால் அமெரிக்காவில் 5 பேர் இறந்தனர். அவர்களில் இருவர் இந்நகரின் பிரென்ட்வுட் அஞ்சல் நிலைய ஊழியர்கள். ஒட்டிய உறைகள் பிரிப்பு இயந்திரங்களில் அழுத்தப்பட்டபோதே நுண்தூள் கசிந்து காற்றில் பரவியதால், உறையைத் திறக்காமலிருந்தால் போதும் என்ற எங்கள் நிர்வாகத்தின் எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகத்துக்குரிய உறையைக் குலுக்காமல், முகராமல், இருந்த இடத்திலேயே விட்டு வெளியேறி, சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டேன். என் கவலையெல்லாம், தபால் அறையின் குளிரூட்டிக் குழாய் மற்ற அறைகளோடு இணைந்திருப்பதுதான். அதைத் தனியே பிரிக்க வேண்டுமா, அவசரத்தில் நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்தால் போதுமா? இத்தகைய ஏற்பாட்டைச் செய்தவர்கள் செலவையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.