ஸ்டென்ட் வச்ச அப்பா மாத்திரைய நிறுத்திட்டு தேங்காய் எண்ணெய் குடிக்கிறாரு, என்ன சொல்லி புரிய வைக்க?

குமரிக்காரி:
எங்க வீடு நாகர்கோவில் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, போன வருஷம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (கம்பி வலை) வச்சாங்க. கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. போட்டுட்டு இருந்தப்ப எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 68. நடுவுல சித்தப்பா ஏதோ வீடியோ அனுப்பினாரு, கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், செக்கு தேங்காய் எண்ணெய் குடிச்சா ரத்தக்குழாய் சுத்தமாகும்னு. அதை நம்பி யார்கிட்டயும் சொல்லாம மாத்திரைய விட்டுட்டு, ரெண்டு மாசமா காலைல வெறும் வயித்துல ஒரு கரண்டி எண்ணெய் குடிச்சிருக்காரு. நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, எல்டிஎல் 131. ஹெச்டிஎல் 39ல இருந்து 43 ஆனதை காட்டி "நல்ல கொழுப்பு ஏறிருக்கு பாரு"ன்னு சந்தோஷப்படுறாரு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. சமையலும் முழுக்க தேங்காய் எண்ணெய்தான், அதையும் நிறுத்தணுமா?

லேப்அண்ணன்:
தங்கச்சி, எண்ணெய் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல அப்பாவோட மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்து எண்ணிப் பாரு. ரத்தம் உறையாம இருக்க குடுக்குற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இதையும் சேர்த்து விட்டுட்டாரான்னு தெரியணும், அது கொலஸ்ட்ரால் மாத்திரைய விட அவசரம், அதை விட்டா ஸ்டென்ட்லயே ரத்தம் கட்டிக்கும். எண்ணிட்டு இன்னைக்கே டாக்டருக்கு போன் போடு.

வாசிப்பவள்:
அந்த 131 எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பாவுக்கு கணக்காவே காட்டலாம். 2020ல சர்குலேஷன்ங்கிற இதய மருத்துவ இதழ்ல 16 ஆய்வுகளை சேர்த்து பாத்தாங்க, சூரியகாந்தி மாதிரி மத்த தாவர எண்ணெயோட ஒப்பிட்டா தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சராசரியா 10 மி.கி. ஏத்துது, ஹெச்டிஎல்லை 4 மி.கி. ஏத்துது. அப்பாவுக்கு ஏறினது 63. அட்டோர்வாஸ்டாட்டின் 40 கிட்டத்தட்ட பாதி எல்டிஎல்லை குறைக்குற மருந்து, அதை விட்டா 68 திரும்ப 130 பக்கம் போகத்தான் செய்யும். அதனால பெரும்பங்கு மாத்திரைய விட்டதுதான், எண்ணெய் மேல கொஞ்சம் ஏத்திருக்கலாம். ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 55க்கு கீழ இருக்கணும்னு ஐரோப்பிய இதய டாக்டர்கள் சங்கம் 2019லயே சொல்லிட்டாங்க.

ஹெச்டிஎல் ஏறினதுக்கு சந்தோஷப்பட ஒண்ணும் இல்லங்க. டார்செட்ராபிப்னு ஒரு மருந்து, 15,000 பேர்கிட்ட சோதிச்சாங்க, ஹெச்டிஎல் 72 சதவீதம் ஏறுச்சு, எல்டிஎல்கூட இறங்குச்சு, ஆனா மருந்து சாப்பிட்ட பக்கம் சாவு அதிகமாச்சு, 2006 டிசம்பர்ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. அந்த நம்பர் ஏறுனா மட்டும் இதயம் தப்பிச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

தோப்புக்காரர்:
எங்க பாட்டி 90 வயசு வரைக்கும் தேங்காய் எண்ணெய்லதான் சமைச்சாங்க. கொச்சில 200 இதய நோயாளிகளுக்கு பாதி பேருக்கு தேங்காய் எண்ணெய், பாதி பேருக்கு சூரியகாந்தி எண்ணெய் குடுத்து ரெண்டு வருஷம் பாத்து வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னு 2016ல எழுதினாங்களே, அதையும் சொல்லுங்க.

வாசிப்பவள்:
சொல்றேன் ஐயா, அது நல்ல ஆய்வுதான். ஆனா அதுல இருந்தவங்க எல்லாரும் வழக்கமான இதய மருந்து எடுத்துக்கிட்டே இருந்தவங்க, மருந்தை விட்டுட்டு எண்ணெய் குடிச்சவங்க இல்ல. மாரடைப்புல வித்தியாசம் தெரிய 200 பேரும் பத்தாது. பாட்டி கதையும் பொய்யில்ல. பசிபிக்ல டோகெலாவ் தீவுல சாப்பாட்டு சக்தில 60 சதவீதத்துக்கு மேல தேங்காயில இருந்தே வந்துச்சு, இதய நோய் அரிதாத்தான் இருந்துச்சு, 1981ல எழுதியிருக்காங்க. ஆனா தேங்காய் குறைவா சாப்பிட்ட புகாபுகா தீவை விட அவங்களுக்கு கொலஸ்ட்ரால் அதிகம். அவங்க தின்னது தேங்காயும் மீனும், உடம்பு நோக வேலையும் செஞ்சாங்க. ஏற்கனவே அடைப்பு வந்து கம்பி வச்ச மனுஷனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சமையல்அக்கா:
மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்கம்மா? எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆனப்ப நான் பாட்டில்ல தேதி எழுதி ஒட்டினேன். அப்பதான் தெரிஞ்சுது, மூணு பேருக்கு மாசம் நாலு லிட்டர் ஓடுதுன்னு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 44 மில்லி, கிட்டத்தட்ட 40 கிராம், அதுல எல்டிஎல்லை ஏத்துற நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 33 கிராம். எல்டிஎல்லை குறைக்க வேண்டியவங்களுக்கு அமெரிக்க இதய சங்கம் சொல்ற அளவு 2000 கலோரி சாப்பாட்டுக்கு 13 கிராம். இப்ப தாளிக்க கடலெண்ணெய், நல்லெண்ணெய், அதுவும் ஸ்பூன்ல அளந்துதான். அவியலுக்கு மட்டும் இறக்கினப்புறம் ஒரு ஸ்பூன் பச்சை தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலைய கசக்கிப் போட்டு மூடிடுவேன். அந்த வாசனைக்கே அவரு சாப்பிட்டுடுவாரு.

குமரிக்காரி:
அட்டைய எண்ணிட்டேன் அண்ணே, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் விடாம போட்டிருக்காரு, அது வரைக்கும் உயிர் வந்துச்சு. டாக்டர் மாத்திரைய இன்னைக்கு ராத்திரியே திரும்ப போட சொல்லிட்டாரு, ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட். 10க்கும் 63க்கும் உள்ள கணக்கை பேப்பர்ல எழுதி காட்டினேன், ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் அம்மாகிட்ட தண்ணி கேட்டு மாத்திரைய போட்டுக்கிட்டாரு. காலைல குடிக்கிற கரண்டியை நானே எடுத்து வச்சுட்டேன். அவியல் எண்ணெய் மட்டும் வேணும்னாரு, அக்கா சொன்ன மாதிரி ஒரு ஸ்பூன் விடலாம்னு இருக்கேன்.