டட்ரா 87: சிறு மாதிரி சொன்னதா, முழு வண்டி சொன்னதா?

வால்வெட்டி: "1936-இல் வந்த செக் கார் டட்ரா 87-க்கே சிடி (காற்று எதிர்ப்பு எண், குறைந்தால் நல்லது) 0.244. துளி வடிவத்தை அப்படியே காருக்குப் போட்டால் போதும், இப்போதைய டிசைனர்கள் சோம்பேறிகள்" என்று துளிதாசன் அடித்து விட்டிருக்கிறார். ஐயா, 0.244 என்பது 1941-இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறு மாதிரியில் எடுத்தது. முழு வண்டியை 1979-இல் ஃபோக்ஸ்வாகன் விண்ட் டனலில் (காற்றை ஊதிச் சோதிக்கும் கூடத்தில்) நிறுத்தியபோது 0.36. கதவு இடுக்கு, எஞ்சினுக்குள் போகும் காற்று, அடியில் தொங்கும் குழாய் எல்லாம் நிஜ வண்டியில்தான் கணக்குக்கு வரும்.

துளிதாசன்: கிழட்டு வண்டியை அளந்தால் 0.36 வராமல் என்ன செய்யும்? ரப்பர் சுருங்கியிருக்கும், தகடு நெளிந்திருக்கும். 0.244-தான்.

வால்வெட்டி: அதே 1979-இல் அதே டனலில் 1921-இன் ரும்ப்ளர் ட்ரோப்ஃபென்வாகனுக்கு (ஜெர்மன் 'துளி வண்டி') 0.28 வந்ததே! டட்ராவுக்கு அண்ணன், சக்கரமெல்லாம் வெளியே. அதற்கு மட்டும் ரப்பர் சுருங்கவில்லையோ? அது மேலிருந்து பார்த்தால்தான் துளி, பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டி. வானில் தனியாக நிற்கும் துளி உடலுக்கு 0.05 கிடைக்கும். தரைக்கு இறக்கிச் சக்கரம் மாட்டினாலே 0.15 பக்கம் போகும். பிறகு பார்க்கிங்குக்காக வாலைக் குறுக்கினால் சரிவு செங்குத்தாகி, காற்று ஒட்டாமல் பிரியும். 25, 30 டிகிரிக்கு வந்தால் இரண்டு ஓரத்திலும் சுழல் உருண்டு வண்டியைப் பின்னால் இழுக்கும்.

நூல்கண்டு: 10 செ.மீ. கம்பளி நூலை ஜாணுக்கு ஒன்றாகக் கூரையிலும் பின்கண்ணாடியிலும் டேப் போட்டு ஒட்டுங்க. 80 கி.மீ. வேகத்தில் பக்கத்து வண்டியிலிருந்து வீடியோ. நூல் பின்னோக்கிப் படுத்தால் காற்று ஒட்டுது, துள்ளினாலோ முன்பக்கம் திரும்பினாலோ பிரிஞ்சிடுச்சு. போட்டோ மேல் துளிக்கோடு வரைந்து "பொருந்துது" என்பதெல்லாம் சும்மா. கேமரா கிட்ட இருந்தால் கூரை வளைவே மாறித் தெரியும்.

டீசல்ராசா: நூல், டிராக் (காற்று இழுப்பு) எவ்வளவுன்னு சொல்லாது தம்பி. சிடியை முகப்புப் பரப்பால் பெருக்காமல் என்ன விவாதம்? 1939-இன் ஜெர்மன் சோதனை வண்டி ஷ்லோர்வாகன் 0.186, ஆனா சக்கரத்தை உள்ளே மூட அகலம் 2.1 மீட்டர். பக்கக்காற்று அடிச்சா தள்ளிட்டுப் போயிடும்.

துளிதாசன்: ஆக 0.186 இனிக்குது, 0.244 மட்டும் கசக்குதா?

வால்வெட்டி: 0.186 முழு வண்டிக்கு! அதன் மாதிரிக்கு 0.113. மாதிரி எவ்வளவு கதை விடும் என்று இதிலேயே தெரியவில்லையா? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் என்ன செய்வது. 1996-இல் ஜிஎம் கம்பெனியின் மின்சாரக் கார் இவி1 0.19-க்கு வர, பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட 9 அங்குலம் நெருக்கி வைத்தார்கள், மேலே மூடினார்கள், வாலை வெட்டினார்கள். யாரும் துளியை ஒட்டவில்லை.

துளிதாசன்: வாலை வெட்டினால் உங்களுக்குக் குளிருமே. போன மாசம் காம் வால் (பின்பக்கம் வெட்டிய வால்) பேச்சில் நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

டீசல்ராசா: நீங்க கேட்டது டட்ரா முதுகுத் துடுப்பைப் பத்தி. அது வண்டி நேரா ஓட, டிராக்கைக் குறைக்க இல்லை.

துளிதாசன்: குறைக்குது. துடுப்போடதான் 0.244.

டீசல்ராசா: முகப்புப் பரப்பு எவ்வளவுன்னு முதல்ல சொல்லுங்க.